கலாமணி அத்தை ஒட்டிய எண்கள்

கலாமணி அத்தை இறந்துபோன செய்தி எங்கள் வீட்டுக்குக் காலை ஏழரை மணிக்கு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் பேசியிருக்கிறார். பூத்துக்காரர் எப்போதும் தெருவில் நின்றபடியே சத்தம் போட்டுக் கூப்பிடுகிறவர். அன்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வாசலுக்குள் வந்தார். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். "பெரியவங்க யாரும் இல்லீங்களா அம்மணி?" என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றதும் சிறிது நேரம் எங்கள் வீட்டுக் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, அம்மா வந்ததும் பூத்துக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார். கழற்றி வைத்த செருப்பைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அத்தைக்கு இருபத்தெட்டு வயது. மஞ்சள் காமாலை. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

கணபதிப் பகுதியில் உள்ள கம்ப்யூட்டர் ஆபீசில் அத்தையோடு வேலை செய்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். கொடுமுடியில் அஸ்தியைக் கரைத்துவிட்டு வந்த மறுநாள், உங்கள் ஆபீஸ் தேவராஜ் அண்ணன் வீட்டுக்கு வந்தார். எல்லோரும் சேர்ந்து சிறிய நினைவு மலர் போடுகிறோம், வீட்டிலிருந்து ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்டார். எங்கள் வீட்டில் எழுதுகிறவர் யாரும் இல்லை என்று அப்பா சொல்லிவிட்டார். நான் அவருடைய மகள். பத்தாம் வகுப்புப் படிக்கிறேன். அப்பாவும் அம்மாவும் தூங்கிய பிறகு, அத்தை படுத்திருந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். அப்பா இருமினால் விளக்கை அணைத்துவிடுகிறேன். சத்தம் நின்றதும் மறுபடி போடுகிறேன்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. பாலிடெக்னிக் படித்துவிட்டு எங்களோடு இருந்தார். அவர் கடைசியாக முடித்த வேலை ஓர் ஆவணம் எழுதியது. சூலூருக்குப் பக்கத்தில் அப்பா ஃபிட்டராக இருக்கும் மில்லுக்கு நீங்கள் ஒரு கம்ப்யூட்டர் வைத்துக் கொடுத்தீர்கள். அதில் நான்கு ஹார்ட் டிஸ்க். அந்த நான்கையும் லினக்ஸே ஒன்றாகக் கட்டி, ஒரே பெரிய டிஸ்க்காகக் காட்டும். அதற்குத் தனியாக விலை உயர்ந்த அட்டை எதுவும் வாங்க வேண்டியதில்லை. நான்கில் ஒன்று செத்தால், மற்ற மூன்றையும் வைத்து அதில் இருந்ததைத் திரும்ப எடுத்துவிடலாம். இரண்டு செத்தால் எல்லாம் போய்விடும். எத்தனை டிஸ்க், எது முதல், எது அடுத்தது, எவ்வளவு பெரிய துண்டாக எழுத வேண்டும் என்பதையெல்லாம் ஒரு சிறிய கோப்பில் சொல்லி வைக்க வேண்டும். அந்தக் கோப்பின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கம் என்று அத்தை தமிழில் எழுதினார்.

இதையெல்லாம் தமிழில் யார் படிக்கப் போகிறார்கள் என்று உங்கள் மேனேஜர் கேட்டதையும், அத்தை சொன்ன பதிலையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "இங்கிலீஷ் தெரிஞ்சவங்க ஷிப்டுல மட்டுந்தான் டிஸ்க் கெட்டுப் போகுமுங்களா சார்?" வீட்டுக்கு வந்து அதை எங்களிடம் சொல்லிக் காட்டியபோது, மேனேஜர் மாதிரியே மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்துச் சிரித்தார்.

எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் என் அம்மாவிடம்தான் படிக்கக் கொடுப்பார். அம்மா ஐந்தாவது வரைக்கும் படித்தவர். "படிச்சா என்ன தோணுதுங்க அண்ணி?" என்று கேட்பார். "ஒண்ணும் தோணுலை, சோறு போடட்டுமா?" என்பார் அம்மா. அத்தை அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுவார். துண்டின் அளவு என்ற பக்கம் ஆறு முறை கிழிபட்டது. கடைசியில், பந்தியில் நான்கு இலை போட்டு, ஓர் இலைக்கு ஒரு கரண்டி என்று வரிசையாகச் சோறு வைத்துக்கொண்டே போவதைப் போல கம்ப்யூட்டர் எழுதிக்கொண்டு போகும், அந்தக் கரண்டியின் அளவுதான் இது என்று எழுதினார். அம்மா படித்துவிட்டு, "அப்ப கரண்டி பெருசா இருந்தா கொஞ்சமாத் திங்கறவங்களுக்குச் சிரமமாச்சே" என்றார். அத்தை எழுந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார். அம்மா சொன்னதும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து வரிகள். பெயர். எதற்கு. சும்மா விட்டால். மாற்றினால். மாற்றியவர்.

மூன்றாவது வரிக்குச் சொல் கிடைக்காமல் அத்தை பல நாள் அலைந்தார். நாம் எதுவும் சொல்லாதபோது கம்ப்யூட்டர் தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்பு என்று நீளமாக எழுதி வைத்திருந்தார். "சும்மா உட்டா என்னாகும்னுதானே கேக்கறே?" என்று அம்மா சொன்னதுதான் அந்தச் சொல். ஐந்தாவது வரியை எடுத்துவிடும்படி மேனேஜர் சொன்னாராம். பெயரும் தேதியும் எழுத இது என்ன ரேஷன் கார்டா என்று கேட்டாராம். அத்தை எடுக்கவில்லை. அதற்கான காரணத்தை என்னிடம் சொன்னார். "மாத்தறது தப்பில்ல கண்ணு. மாத்திப்போட்டு சொல்லாம போறதுதான். அடுத்து வாரவன் எதை நம்புவான்?"

தானே செய்து பார்க்காத எதையும் அவர் எழுதியதில்லை. ஒரு சனிக்கிழமை என்னை உங்கள் ஆபீசுக்கு அழைத்து வந்திருந்தார். சோதனைக்காக நான்கு பழைய டிஸ்க்குகளைக் கட்டி ஓட விட்டிருந்தார். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றின் ஒயரைப் பிடுங்கச் சொன்னார். தேவராஜ் அண்ணன் மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அத்தையே பிடுங்கினார். கம்ப்யூட்டர் கீச்சென்று கத்தத் தொடங்கியது. ஆனால் அத்தை கேட்ட கோப்பு, ஒன்றுமே நடக்காததைப் போலத் திறந்தது. "பாத்தியா, எது செத்துச்சுன்னு மிஷினுக்குத் தெரியுது. நம்மளுக்கும் தெரியோணுமில்ல? அதுக்குத்தான் நம்பரு" என்றார்.

அந்த எண்ணைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும். இதுவரை எழுதியதெல்லாம் அதைத் தள்ளிப்போடத்தான் என்று இப்போது தெரிகிறது.

டிஸ்க்கின் எண், அதன் பின்பக்கத்து ஊசிகளில் மாட்டும் சிறிய மூடியால் அமைவது. பெட்டிக்குள் மாட்டிய பிறகு அது வெளியே தெரியாது. எந்தத் தட்டில் மாட்டியிருக்கிறது என்பதற்கும் எண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. அதனால் மில் கம்ப்யூட்டரின் ஒவ்வொரு டிஸ்க்கின் முகத்திலும் அத்தை காயத்துக்குப் போடும் துணிப் பிளாஸ்திரியில் ஒரு துண்டு ஒட்டி, அதில் எண்ணை எழுதியிருந்தார். இருக்கும் இடத்தைப் பார்த்து டிஸ்க்கைக் கழற்ற வேண்டாம், ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்துக் கழற்றவும் என்று ஆவணத்திலும் எழுதியிருந்தார்.

ஆயுத பூஜை அன்று மில்லில் எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டுத் துடைப்பார்கள். குடும்பத்தோடு வரலாம். அப்பா என்னை அழைத்துப் போனார். கம்ப்யூட்டருக்கும் பூஜை போட வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்ததால் அத்தையும் வந்திருந்தார். வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது என்று கதவில் எழுதியிருந்த அறைக்குள் என்னையும் கூட்டிக்கொண்டார். பெட்டியைத் திறந்து, உள்ளே படிந்திருந்த பஞ்சைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தார். அப்போது முதலாளி கூப்பிடுவதாக ஆள் வந்தது. சந்தனக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்து, "வெளியில பொட்டு வெச்சுட்டு இரு கண்ணு, வாரேன்" என்று போனார்.

நான் வெளியில் வைத்தேன். பிறகு உள்ளே பார்த்தேன். டிஸ்க்குகளின் மேல் அழுக்காக இருந்தது. அப்பா எதைத் துடைத்தாலும் மண்ணெண்ணெய்த் துணியால்தான் துடைப்பார். வெளியே கிடந்த அப்படி ஒரு துணியை எடுத்து வந்து துடைத்தேன். பிளாஸ்திரித் துண்டுகள் ஊறிக் கையோடு வந்துவிட்டன. அவற்றை மேலிருந்து கீழாக அதே வரிசையில், கையோடு கொண்டுபோயிருந்த என் ரஃப் நோட்டின் அட்டைக்குள் ஒட்டி வைத்தேன். 0, 1, 3, 2 என்று இருந்தன. அவசரத்தில் அத்தை மாற்றி ஒட்டிவிட்டார் என்று நினைத்தேன். மேசை டிராயரில் பிளாஸ்திரிச் சுருள் இருந்தது. நான்கு புதிய துண்டுகள் வெட்டி 0, 1, 2, 3 என்று ஒழுங்காக எழுதி ஒட்டினேன். என் எழுத்து அத்தையின் எழுத்தைப் போலவே இருக்கும். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஒவ்வொன்றின் மேலும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தேன்.

அத்தை திரும்பி வந்து பார்த்துவிட்டு, "உள்ளுக்குள்ள வரைக்கும் பொட்டா அம்மணி? டிஸ்க்குக்கு என்ன, கல்யாணமா?" என்றார். கூட வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் நம்பர்களைச் சரியாக ஒட்டியதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். பிறகு பொரி கொடுத்தார்கள். அதன் பிறகு எனக்கு அது மறந்தே போய்விட்டது. இதை நீங்கள் நம்ப வேண்டும். தை மாதம் வரைக்கும் எனக்கு நினைவே இல்லை.

பொங்கல் முடிந்த வாரத்தில் அந்தக் கம்ப்யூட்டர், 2 என்ற எண் கொண்ட டிஸ்க் செத்துவிட்டது என்று கத்தியிருக்கிறது. அன்று அத்தை லீவு. தேவராஜ் அண்ணன் போனார். அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னார். சந்தனம் காய்ந்து கெட்டியாக இருந்ததாம். நகத்தால் சுரண்டிப் பார்த்தாராம். 2 என்று இருந்ததாம். மெஷினை நிறுத்தி அதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினாராம். கழற்றியதை வாங்கிய கடையில் திருப்பிக் கொடுக்கலாமா என்று பார்க்க, வழக்கம்போல வேறு கம்ப்யூட்டரில் போட்டு பார்மட் செய்தாராம்.

"நல்ல டிஸ்க்குங்க அக்கா. ஒரு பிழை இல்லாம பார்மட் ஆச்சு."

நான் 3 என்று எழுதி ஒட்டிய, செத்த டிஸ்க் உள்ளேயே இருந்தது. நல்ல டிஸ்க் அவர் கையில் வெறுமையாகிவிட்டது. நான்கில் இரண்டு போய்விட்டன. தீபாவளிக்குப் பிறகு டேப்பில் நகல் எடுத்து வைக்க மில்லில் யாரும் மெனக்கெடவில்லை. அதற்குப் பிறகு எடுத்த நூல் சோதனைப் பதிவுகள் எல்லாம் போய்விட்டன. நான் அடுப்படியில் இருந்தேன். சந்தனம் என்ற சொல்லைக் கேட்டதும் நான் ஒட்டிய நான்கு துண்டுகளும் நினைவுக்கு வந்தன.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மில் உங்கள் ஆபீசுக்கு வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டது. தவறு தன்னுடையது என்று எழுதிக் கொடுக்கும்படி மேனேஜர் அத்தையிடம் கேட்டார். அத்தை ஒரு வாரம் தவணை கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். மில்லுக்குப் போய் அந்த டிஸ்க்குகளைப் பார்க்க வேண்டும் என்றார். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அப்பா முதலாளியின் முன் போய் நின்று, எங்கள் வீட்டுப் பெண் செய்த தவறுக்கு நானும் பொறுப்பு என்று கும்பிட்டுவிட்டு வந்தார். அதை வீட்டில் அத்தையின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். அத்தை அவருக்குத் தட்டு எடுத்து வைத்தார். அதற்குப் பிறகு அப்பா தன் தங்கையிடம் சரியாகப் பேசவில்லை.

அந்த வாரம் முழுவதும் அத்தை தன் பழைய நோட்டுகளை எல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு தவற்றைத் தேடினார். பக்கம் பக்கமாக, வரி வரியாகத் தேடினார். இல்லாத தவற்றை. நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். ரஃப் நோட்டு என் பையில் இருந்தது.

ஐந்தாவது நாள் அத்தை என்னிடம் கேட்டார். "கண்ணு, அன்னிக்குப் பொட்டு வெக்கறப்ப எந்த நம்பரு மேல இருந்துச்சு, எது கீழ இருந்துச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்குதா?"

"நான் பாக்கலீங்க அத்தை" என்றேன்.

அத்தை என்னைச் சந்தேகப்படவே இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, என் ஜடை அவிழ்ந்திருந்ததைப் பின்னிவிட்டார். மறுநாள் ஆபீசுக்குப் போய், எண்களை மாற்றி ஒட்டியது தன் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தக் காகிதம் இப்போதும் உங்கள் ஆபீஸ் பீரோவில் இருக்கும்.

மாசி மாதம் அவர் கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரியில் எட்டாவது நாள் நான் இளநீர் கொண்டு போனேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. குரல் மிகவும் சிறுத்திருந்தது. "நெம்ப யோசிச்சுப் பாத்தேன் கண்ணு. எந்தப் பக்கத்துலயும் தப்பு இல்ல. அப்ப என்ற கையிதான் தப்பு பண்ணியிருக்கோணும்" என்றார். போர்வைக்கு வெளியே கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நான் சொல்ல வாயெடுத்தேன். நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்துவிட்டார்.

இல்லை. நர்ஸ் வரவில்லை. இன்னும் நேரம் இருந்தது. நான்தான் எழுந்து வந்துவிட்டேன்.

மலருக்குப் பக்கம் கேட்டு வந்த அன்று தேவராஜ் அண்ணன் இரண்டு பொருள்கள் கொண்டுவந்தார். ஒன்று அத்தையின் ஆவணம். அதை எடைக்குப் போடச் சொல்லிவிட்டார்களாம், மனம் வராமல் எடுத்து வந்தாராம். இன்னொன்று, மலருக்காக நீங்கள் எழுதி வைத்திருக்கும் முன்னுரை. அதில், அவர் செய்த ஒரே ஒரு தவற்றை நாங்கள் யாரும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று ஒரு வரி இருக்கிறது. அப்பா அதைப் படித்துவிட்டுக் கை கூப்பினார். "உங்களுக்கெல்லாம் நெம்பப் பெரிய மனசு தம்பி" என்றார். தேவராஜ் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நல்ல டிஸ்க்கை அழித்தது அவருடைய கை. அவரும் ஒழுங்காகத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அந்த வரியை எடுத்துவிடுங்கள். உங்கள் மன்னிப்பு அத்தைக்கு வேண்டாம். அவர் ஒட்டியது சரி. எழுதியதும் சரி. தேவராஜ் அண்ணன் செய்தது அந்த ஆவணம் சொன்னபடிதான், அவர் மேலும் தப்பில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. இது அச்சில் வந்தால் மில்லிலும் படிப்பார்கள். அப்பா தங்கைக்காக ஒரு முறை கும்பிட்டார், இனி மகளுக்காக இன்னொரு முறை போய் நிற்க வேண்டும். அவருடைய வேலைக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. அதைவிட வேறொன்றுக்குத்தான் நடுங்குகிறேன். தவறே செய்யாத தங்கையிடம் கடைசி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டோம் என்று அப்பாவுக்குத் தெரியவரும். அதை அவருக்குத் தெரிவிப்பவள் நான். இந்த உண்மையை அத்தைக்குக் கொடுத்திருந்தால் அவர் நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பார். அதை இப்போது அப்பாவிடம் கொடுக்கப் போகிறேன், அவருக்கு இனி நிம்மதி இருக்காது.

ஆவணத்தின் கடைசியில் ஒரு வெற்றுத் தாள் இருக்கிறது. அதில் ஒரு பக்கம் சேர்த்திருக்கிறேன். மலரிலும் இதைப் போடுங்கள்.

பெயர்: டிஸ்க்கின் மேல் ஒட்டிய எண்.

எதற்கு: செத்தது எது என்று மனிதர்களுக்கும் தெரிய.

சும்மா விட்டால்: கலாமணி ஒட்டியபடி, மேலிருந்து கீழாக 0, 1, 3, 2. இதுதான் சரி.

மாற்றினால்: உயிரோடு இருப்பதைக் கழற்றிவிடுவார்கள்.

மாற்றியவர்: கவிதா. பத்தாம் வகுப்பு. ஆயுத பூஜை அன்று.

ரஃப் நோட்டின் அட்டையைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். அத்தை எழுதி ஒட்டிய நான்கு துண்டுகளும் அதே வரிசையில் அதில் இருக்கின்றன. லேசாக மண்ணெண்ணெய் வாசம்கூட இருக்கிறது. நம்பாதவர்கள் பார்த்துக்கொள்ளலாம். அத்தை கையெழுத்தில் எனக்கென்று இருந்தது அது மட்டும்தான். அது எனக்கு வேண்டாம், உங்கள் பீரோவில் இருக்கும் அந்தக் காகிதத்தின் மேல் வைத்துவிடுங்கள். ஐந்தாவது வரியை நான் வைத்துக்கொள்கிறேன். அதில் என் பெயரை எழுத ஐந்து மாதம் ஆகியிருக்கிறது.

இதைத் தேவராஜ் அண்ணனிடம் கொடுக்கும் முன் அப்பாவிடம் படிக்கக் கொடுக்க வேண்டும். பக்கத்து அறையில் அவர் இருமுகிறார். எழுந்து உட்காரும் சத்தம் கேட்கிறது. விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. நான் அணைக்கவில்லை.